எண்ணை இழந்து பெயரைப் பெற்ற நாய்கள்

உயிருள்ள ஒன்றுக்குப் பெயரிடுதல் அதனை நம்முள் ஒன்றாக ஏற்றுக்கொண்டமைக்கு அடையாளமாகும். பட்டியில் நிற்கும் ஆடுகளை மனிதன் எண்ணிக் கணக்கிடுகின்றான். கூட்டிலுள்ள கோழிகளையும் அவ்வாறே எண்ணுகின்றான். வாயிற்படியிற் படுத்திருக்கும் நாயை மாத்திரம் அவன் எண்ணுவதில்லை. பெயர் சொல்லி அழைக்கின்றான். எழுதப்பட்ட வரலாற்றின் முற்பகுதியிலேயே இவ்வழக்கம் காணப்படுகின்றது.

எகிப்து நாட்டிலே கீசா என்னுமிடத்தில், 1935ஆம் ஆண்டு, ஜோர்ஜ் ரைஸ்னர் என்னும் அமெரிக்கத் தொல்பொருளறிஞர் கல்வெட்டுப் பொறித்த கல்லொன்றைக் கண்டெடுத்தார். அரசனுக்குக் காவலாக இருந்த நாயொன்று இறந்தபோது, அதனை மரியாதையுடன் அடக்கஞ் செய்யுமாறு அரசன் கட்டளையிட்ட செய்தி அக்கல்லிற் பொறிக்கப்பட்டிருந்தது. நாயின் பெயரும் அதிலுண்டு. அபுவ்தியூ என அறிஞர் அதனை வாசிப்பர். அந்நாய் வாழ்ந்து நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அரசன் இன்னான் என்பது அக்கல்லால் தெரியவில்லை. நாயின் பெயரோ தெரிகின்றது.

தமிழகத்திலும் இதற்கு நிகரான சான்று ஒன்றுண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரிலுள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அது கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக நடப்பட்ட கல். வீரனின் உருவத்துக்கு அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்து எதிர்த்துத் தன் தலைவனுக்குத் துணைநின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று அக்கல் கூறுகின்றது. ஏழாம் நூற்றாண்டிலே ஒரு சிற்றூர் மக்கள், வீரன் பெயரைப் பொறித்த கல்லிலேயே நாயின் பெயரையும் பொறித்தனர் என்றால், அப்பெயரை அவர்கள் எத்துணை மதித்தனர் என்பது சொல்லாமலே விளங்கும்.

பெயரில்லாத நாயையும் நம் மரபு மறந்துவிடவில்லை. பாரதத்தின் இறுதிப் பகுதியிலே, தருமன் தன் உடன்பிறந்தாரையும் பாஞ்சாலியையும் வழியில் ஒருவர்பின் ஒருவராக இழந்து தனித்து நடக்கின்றான். அவனைத் தொடர்ந்து செல்வது ஒரு நாய். அது எவருடைய நாயுமன்று, அதற்குப் பெயருமில்லை. அதனைக் கைவிட்டால் தேரேறலாம் என்று இந்திரன் கூறியபோது, அடைக்கலம் புகுந்ததைக் கைவிட்டு வருஞ் சுவர்க்கம் வேண்டாமென்று தருமன் மறுத்துவிடுகின்றான். பெயரற்றதாய், ஊரற்றதாய் வந்து சேர்ந்த ஓருயிரை ஏற்பதா, விடுவதா என்ற வினா அன்றே எழுப்பப்பட்ட வினாவாகும்.

அவ்வினாவுக்கு ஒரு நிறுவனத்தின் வடிவில் விடையளிக்க முற்பட்டவர்களுள் மேரி ரீல்பி என்னும் ஆங்கிலப் பெண்மணியார் முன்னிற்பவர். இலண்டன் மாநகரின் ஹொலவே பகுதியிலே, 1860ஆம் ஆண்டு, வழிதவறியும் பட்டினியாயும் திரிந்த நாய்களுக்கென ஓர் இல்லத்தை அவர் தொடங்கினார். மனிதக் குழந்தைகளே தெருவிற் பசித்திருக்க நாய்களுக்கு இல்லமா என்று அக்காலத்திற் பலர் எள்ளி நகைத்தனர். ஆயினும் சார்ள்ஸ் டிக்கின்ஸ் நடத்திய வார இதழிலே 1862ஆம் ஆண்டு அவ்வில்லத்தைப் போற்றிக் கட்டுரையொன்று வெளிவந்தது. அம்மையார் 1865ஆம் ஆண்டு மறைந்தார். இல்லம் 1871ஆம் ஆண்டு பற்றர்சீ என்னுமிடத்துக்கு மாறி, இன்றும் அப்பெயராலேயே அறியப்படுகின்றது. தெருவில் மீட்கப்பட்ட நாயைப் புதியதொரு குடும்பத்திடம் ஒப்படைக்கும் வழக்கம் உலகெங்கும் பரவுவதற்கு இத்தகைய இல்லங்களே காரணமாயின.

எனினும் அவ்வில்லங்களை நாடி வந்தவை பெரும்பாலும் வழிதவறிய நாய்களும் கைவிடப்பட்ட நாய்களுமே. மனிதனாலேயே கொடுமைக்குப் பழக்கப்பட்ட நாயை ஒரு குடும்பத்திற் சேர்க்க இயலுமா என்ற கேள்வி நீண்டகாலம் கேட்கப்படாமலே இருந்தது. கேட்ட சிலரும் இயலாது என்றே விடையிறுத்தனர். அவ்விடையை மாற்றியமைத்த நிகழ்ச்சி இந்நூற்றாண்டிலே அமெரிக்காவில் நிகழ்ந்தது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வேர்ஜீனியா மாநிலத்திலே சறி என்னும் நாட்டுப்புறப் பகுதி உண்டு. அங்கே மரங்கள் சூழ்ந்த ஒரு நிலத்தையும் அதிலிருந்த வெள்ளை நிற வீட்டையும் 2007ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 25ஆம் நாள் அதிகாரிகள் சோதனையிட்டனர். அந்நிலத்துக்கு உரிமையாளர் மைக்கல் விக் என்பவர். அமெரிக்கக் காற்பந்தாட்டத்திலே புகழின் உச்சியில் நின்ற வீரர். 2004ஆம் ஆண்டிலே பத்தாண்டு காலத்துக்குப் பதின்மூன்று கோடி டொலர் பெறுமதியான ஒப்பந்தத்தைப் பெற்றவர். போதைப்பொருள் தொடர்பான வேறொரு விசாரணையின் பொருட்டுச் சென்ற அதிகாரிகள், வீட்டின் பின்னே கறுப்பு நிறம் பூசப்பட்ட கொட்டில்களையும் நாய்களையும் கண்டனர்.

பழைய மோட்டார் வண்டிகளின் அச்சுகள் நிலத்திற் புதைக்கப்பட்டு, அவற்றிலே பாரமான சங்கிலிகள் பூட்டப்பட்டிருந்தன. சங்கிலியின் நுனியிலே நாய். ஒரு நாய் மற்றொன்றைக் காணலாம், அணுகலாம், தொட மாத்திரம் இயலாது. இடைவெளி அவ்வாறு அளந்து வைக்கப்பட்டிருந்தது. பிற்புல் என்று வழங்கும் இனத்தைச் சேர்ந்த அந்நாய்கள் பந்தயச் சண்டைக்காக வளர்க்கப்பட்டவை. சண்டைக்குத் தகுதியற்றவை எனக் கருதப்பட்ட நாய்கள் கொல்லப்பட்டமையும் விசாரணையில் வெளிவந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் விக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிசெம்பர் 10ஆம் நாள் நீதிபதி ஹென்றி ஹட்சன் அவருக்கு இருபத்து மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தார். நாய்களின் பராமரிப்புக்கென ஒன்பது இலட்சத்து இருபத்தெட்டாயிரம் டொலர் அளவிலான தொகையைக் கொடுக்குமாறும் அவருக்குக் கட்டளையிடப்பட்டது. அவர் தண்டனையை அனுபவித்து வெளிவந்த பின்னர் நாய்ச்சண்டைக்கு எதிராகப் பொதுமேடைகளிற் பேசினார் என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது.

மனிதருக்குரிய நீதி இவ்வாறு முடிந்தது. நாய்களுக்குரிய நீதி யாது?

வழக்குக்குச் சான்றாகக் கைப்பற்றப்பட்ட பொருள்களே அந்நாய்கள் என்பது சட்டத்தின் நோக்கு. கைப்பற்றிய கத்தியையும் துப்பாக்கியையும் போல அவையும் அரசாங்கத்தின் பொறுப்பிலிருந்தன. அரசு தொடுத்த உடைமைப் பறிமுதல் வழக்கின் பெயரே, ஐக்கிய அமெரிக்க நாடு எதிர் ஏறக்குறைய ஐம்பத்து மூன்று பிற்புல் நாய்கள் என்பதாகும். வழக்கின் எதிராளிகளுக்கு அங்கே பெயரில்லை. சரியான தொகைகூட இல்லை. நாய்கள் பல ஊர்களிலுள்ள காப்பகங்களுக்குப் பகிர்ந்து அனுப்பப்பட்டன. அங்கே ஒவ்வொன்றுக்கும் ஊரின் பெயரும் ஓர் எண்ணுமே அடையாளமாயின. மாதக்கணக்காக அவை சிறு கூண்டுகளில் இருந்தன.

அந்நாளில் அமெரிக்காவில் நிலவிய வழக்கம் இதுவே: சண்டைக்கு வளர்க்கப்பட்ட நாய்கள், வழக்கு முடிந்ததும் கொல்லப்படும். அவற்றைத் திருத்த முடியாது. மனிதருக்கும் பிற நாய்களுக்கும் அவை என்றும் ஆபத்தானவை என்று கருதப்பட்டது. கொடியவரின் கருத்தன்று இது. விலங்குகளின் நலனுக்காகவே உழைத்த பெரிய இயக்கங்களும் அவ்வாறே கூறின. இரக்கமுள்ளோரும் இரக்கத்தின் பெயராலேயே அவற்றின் சாவை வேண்டினர் என்பது இவ்வரலாற்றிலே ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய இடமாகும். அவர்கள் நாய்களை வெறுத்தவரல்லர். ஒவ்வொரு நாயையும் தனித்தனியே பார்க்கத் தவறியவர்.

தனித்தனியே பார்ப்பதற்கு அரசாங்க வழக்கறிஞர் இடமளித்தனர். அமெரிக்க மிருகவதைத் தடுப்புச் சங்கம் 1866ஆம் ஆண்டிலே ஹென்றி பேர்க் என்பவரால் நியூயோர்க்கில் நிறுவப்பட்ட பழைய சங்கம். அதன் விலங்கு நடத்தை அறிஞர் ஸ்ரீபன் ஸவிஸ்ரோவ்ஸ்கியின் தலைமையில், 2007 செப்டெம்பரில் ஒரு குழு வேர்ஜீனியாவுக்குச் சென்றது. எஞ்சியிருந்த நாற்பத்தொன்பது நாய்களையும் அது ஒவ்வொன்றாகச் சோதித்தது. உணவு உண்ணும்போது இடையூறு செய்தால் நாய் என்ன செய்கின்றது, குழந்தையளவான பொம்மையைக் கண்டால் என்ன செய்கின்றது, மற்றொரு நாயைக் கண்டால் என்ன செய்கின்றது என்பனவற்றை அவர்கள் நோக்கினர்.

கொடிய விலங்குகளை எதிர்பார்த்துச் சென்றவர்கள் அங்கே கண்டது அச்சத்தையே. பல நாய்கள் மனிதரைக் கண்டதும் நிலத்தோடு நிலமாகத் தட்டையாக ஒட்டிக் கொண்டன. எழவில்லை, நடக்கவில்லை, கண்ணை உயர்த்தவுமில்லை. தோசைக்கல்லில் வார்த்த மாப்போலக் கிடந்த அவற்றை, அமெரிக்கர் தம் நாட்டுப் பணியாரத்தின் பெயரால் அழைத்தனர். நாற்பத்தொன்பதில், மனிதருக்கு ஆபத்தானது எனக் கருதிக் கொல்லப்பட்டது ஒன்று மாத்திரமே. மற்றொன்று தீராப் பிணியால் உயிர் நீக்கப்பட்டது. நாற்பத்தேழு நாய்கள் எஞ்சின.

அந்த நாற்பத்தேழின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதற்கு ரெபெக்கா ஹஸ் என்னும் சட்டப் பேராசிரியரை நீதிமன்றம் 2007 ஒக்டோபரில் நியமித்தது. தாய் தந்தையரை இழந்த பிள்ளைக்கு நீதிமன்றம் பாதுகாவலரை நியமிப்பதை உலகம் அறியும். நாய்களுக்கு அவ்வாறு ஒருவர் நியமிக்கப்பட்டமை புதுமை. அவர் நாய்களைப் பல மீட்புச் சங்கங்களுக்குப் பகிர்ந்தளித்தார். இருபத்திரண்டு நாய்கள் யூற்றா மாநிலத்துக் கனாப் ஊருக்கு அருகேயுள்ள, உற்ற நண்பர் என்னும் பொருள்படும் பெயர் கொண்ட பெரிய சரணாலயத்துக்குச் சென்றன. பத்து நாய்களைக் கலிபோர்னியாவின் ஒக்லண்ட் நகரைச் சார்ந்த ஒரு சிறிய சங்கம் ஏற்றது; வீண்பழி என்பதே அச்சங்கத்தின் பெயருக்குப் பொருள். ஏனையவற்றை வேறு பல சங்கங்கள் ஏற்றுக்கொண்டன.

இவ்விடத்திலிருந்து வரலாறு நீதிமன்றத்தை விட்டு வீட்டுக்குள் நுழைகின்றது. நாய்களுக்குப் பெயரிடப்பட்டது. எண்கள் மறைந்தன, லியோ, ஹெக்ரர், ஜொனி, லூக்கஸ், மெரில், புரொடோ எனப் பெயர்கள் தோன்றின. கூட்டமாக அவற்றுக்கு வழங்கிய பெயரும் மாறியது. விக்கின் நாய்கள் என்று செய்தித்தாள்கள் அழைத்தவற்றை, சரணாலயத்தார் விக்டரி நாய்கள் என்று அழைத்தனர். விக்டரி என்பது ஆங்கிலத்தில் வெற்றி. கொடுமை செய்தவரின் பெயருக்குள்ளிருந்தே வெற்றியென்னுஞ் சொல்லை உருவாக்கினார்கள். சொல் விளையாட்டுப் போலத் தோன்றினும், அது நாய்களை எவர் கண்கொண்டு பார்ப்பது என்பதை மாற்றிய விளையாட்டாகும்.

பெயர்மாற்றம் நாய்க்கு உண்மையில் யாது செய்கின்றது? மனிதன் தன் பெயரைத் தானே என எண்ணுகின்றான். நாய்க்குப் பெயர் என்பது ஓர் ஒலி. அவ்வொலியைத் தொடர்ந்து என்ன வரும் என்பதே அதன் பொருள். நாய்கள் ஒலியையும் பொருளையும் இணைக்க வல்லன என்பதில் ஐயமில்லை. ஜேர்மனியிலே ரிக்கோ என்னும் நாய் இருநூறுக்கு மேற்பட்ட பொருள்களின் பெயர்களை அறிந்திருந்தமையை 2004ஆம் ஆண்டு அறிஞர் ஆராய்ந்து வெளியிட்டனர். ஆதலின், ஒரு பெயரைத் தொடர்ந்து அடியும் பசியும் வந்திருப்பின், அப்பெயரைக் கேட்கும்தோறும் நாய் ஒடுங்கும். அதனை மீண்டும் மீண்டும் அப்பெயரால் அழைப்பது பழைய புண்ணிலே விரலை வைப்பதற்கு ஒப்பாகும். புதிய பெயரோ எழுதப்படாத சிலேட்டு. அதைச் சொல்லும்போது ஒரு துண்டு இறைச்சி, மறுமுறை ஒரு தடவல், அதன்பின் ஓர் உலாவல் என்று தொடர்ந்தால், சில நாள்களிலேயே அவ்வொலி நன்மையின் அறிவிப்பாகிவிடுகின்றது.

இதனாற் பழைய பெயர் யாவும் நீக்கத்தக்கன எனக் கொள்ளலாகாது. அன்புடன் வளர்த்தவர் இறந்தமையாலோ ஊர்விட்டுச் சென்றமையாலோ அநாதையான நாய்க்கு, பழைய பெயரே எஞ்சியுள்ள ஒரேயொரு பழக்கமான பொருளாக இருக்கலாம். அதனையும் பறிப்பது தகாது. மாற்றியே தீரவேண்டுமாயின், பழைய பெயருக்கு ஒத்த ஓசையுடைய பெயரைத் தெரிந்து, சில நாள் இரண்டையும் சேர்த்து அழைத்து, பின்னர் பழையதை மெல்ல விட்டுவிடுவதே அனுபவமுடையோர் கையாளும் முறை.

வேர்ஜீனியா நாய்களுள் ஜொனி என்னும் நாயின் வரலாறு இதற்குப் பொருத்தமானது. கறுப்பும் வெள்ளையுங் கலந்த அந்நாய்க்கு முதலிலே ஜொனி ரொட்டன் எனப் பெயரிட்டிருந்தனர். ரொட்டன் என்பது அழுகிப்போனது எனப் பொருள்படுஞ் சொல். அதனைத் தம் வீட்டிலேற்ற குடும்பத்தினர் முற்பெயரை அவ்வாறே வைத்துக்கொண்டு, பிற்பெயரை மாத்திரம் ஜஸ்ரிஸ் என மாற்றினர். ஜஸ்ரிஸ் என்பது நீதி. நாயின் செவிக்குப் பழகிய ஒலி மாறவில்லை. மனிதரின் செவிக்கு விழும் பொருள் மாறிவிட்டது. இரு சாராருக்கும் வேண்டியதை இவ்வாறு ஒரே பெயர்மாற்றம் நிறைவேற்றியது.

பெயரிட்டமாத்திரத்திலே நாய் குடும்பத்தின் உறுப்பாகிவிடவில்லை. சங்கிலியிலே வளர்ந்த நாய்க்கு வீடு என்பது விளங்காத உலகம். மாடிப்படியை அது அறியாது. கண்ணாடிக் கதவை அறியாது. தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து எழும் குரலை அறியாது. வீட்டுக்குட் சிறுநீர் கழிக்கலாகாது என்பதையும் எவரும் அதற்குக் கற்பித்ததில்லை. ஆகவே ஒழுங்கே மருந்தாயிற்று. உணவுக்கு ஒரு நேரம், உலாவலுக்கு ஒரு நேரம், உறக்கத்துக்கு ஓரிடம் என நாளெல்லாம் ஒரே முறையாக நடந்தது. அடுத்து என்ன நிகழும் என்பதை அறிந்த உயிருக்கு அச்சம் குறையும். சிறு பிள்ளைகளை முதன்முதலாகப் பள்ளியிற் சேர்க்கும்போது நல்லாசிரியர் கைக்கொள்ளும் முறையும் இதுவேயன்றோ?

யூற்றா சரணாலயத்திலே 2008 ஜனவரியில் வந்திறங்கிய இருபத்திரண்டு நாய்களுக்கும் இத்தகைய பொறுமையே காட்டப்பட்டது. இரவிலே நாய்கள் தனித்திராவண்ணம் பணியாளர் அவற்றின் அருகிலேயே படுத்துறங்கினர். அச்சம் எவ்வளவு, துணிவு எவ்வளவு, மகிழ்ச்சி எவ்வளவு என ஒவ்வொரு நாயின் நிலையையும் நாள்தோறும் குறித்து வைத்தனர். சில நாய்கள் வாரங்களில் வாலை ஆட்டின. சிலவற்றுக்கு மாதங்கள் சென்றன. சிலவற்றுக்கு ஆண்டுகளே தேவைப்பட்டன. அவற்றைக் குடும்பங்களுக்கு உடனே கொடுத்துவிடவும் இயலாது. நன்னடத்தைச் சோதனையிலே நாய் தேற வேண்டும். குடும்பத்தின் பின்னணி ஆராயப்பட வேண்டும். ஆறு மாத காலம் தற்காலிகமாக அவ்வீட்டில் வாழ்ந்து காட்ட வேண்டும். இவை யாவும் நிறைவேறிய பின்னரே உரிமை மாறியது.

எல்லா நாய்களும் வீடு பெற்றன என்று கூறினால் அது வரலாறாகாது. லூக்கஸ், மெரில் ஆகிய இரு நாய்களும் சரணாலயத்தை விட்டு வெளியேறலாகாது என்று நீதிமன்றம் கட்டளையிட்டிருந்தது. லூக்கஸ் சண்டைகளிற் பலமுறை வென்ற நாய். மனிதரிடத்து மிகுந்த அன்பு காட்டிய நாயும் அதுவே. அலுவலக அறைகளிலே பணியாளரோடு பழகி வாழ்ந்து, 2013ஆம் ஆண்டு அது அங்கேயே இறந்தது. அதற்கும் பெயர் இருந்தது, படுக்கை இருந்தது, அதன் வரவை எதிர்பார்க்கும் மனிதர் இருந்தனர். நான்கு சுவரும் கூரையுமே குடும்பமாவதில்லை என்பதை அதன் வாழ்வு காட்டுகின்றது. ஆனால் அதன் பழைய தொழில் அதனை இறுதிவரை தொடர்ந்தது என்பதையும் மறைத்தலாகாது.

வீடு பெற்றவற்றின் பிற்கால வாழ்வோ வியப்புக்குரியது. மார்பிலே ஆழ்ந்த தழும்புகளையுடைய ஹெக்ரர், மினசோற்றா மாநிலத்தில் ஒரு குடும்பத்தை அடைந்து, நோயாளரைத் தேற்றச் செல்லும் நாயாயிற்று. லியோ கலிபோர்னியாவிலே புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரின் அருகே சென்று அமர்ந்தது. ஜொனி ஜஸ்ரிஸ், வாசிப்பதற்குக் கூச்சமுள்ள சிறுவர்கள் நூலகத்தில் உரக்க வாசிக்கும்போது அவர்களருகே படுத்துச் செவிமடுத்தது. பிழையாக வாசித்தாலும் நாய் சிரிப்பதில்லை, திருத்துவதுமில்லை. அதனாற் பிள்ளைகள் துணிந்து வாசித்தனர். 2014ஆம் ஆண்டு அமெரிக்க மிருகவதைத் தடுப்புச் சங்கம் ஜொனியை அவ்வாண்டின் சிறந்த நாயெனப் பாராட்டிற்று. அந்நாய்களைச் சோதிக்கச் சென்ற சங்கமே அதற்குப் பரிசும் அளித்தது.

இந்நாற்பத்தேழு நாய்களின் பயன் அவற்றோடு முடியவில்லை. 2009 பெப்ரவரியிலே வட கரோலினா மாநிலத்தில் மற்றொரு நாய்ச்சண்டைக்காரரிடமிருந்து கைப்பற்றப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள், குட்டிகளும் உட்படக் கொல்லப்பட்டபோது, மக்களிடையே பெருங் கண்டனம் எழுந்தது. முன்னர் வழக்கமெனக் கொள்ளப்பட்ட செயல் அப்போது கொடுமையாகத் தோன்றிற்று. சண்டைநாய் யாவும் கொல்லப்பட வேண்டும் என்று கூறிவந்த பெரிய இயக்கமும், அவ்வாண்டிலேயே தன் கொள்கையை மாற்றி, ஒவ்வொரு நாயும் தனித்தனியே ஆராயப்பட வேண்டும் என்று அறிவித்தது. தாம் கொண்ட கருத்துப் பிழையெனக் கண்டபோது அதனை வெளிப்படையாக மாற்றிக்கொண்டமை பாராட்டத்தக்கது.

அந்நாய்களுள் இறுதியாக வாழ்ந்தது புரொடோ. மீட்கப்பட்டபோது அது குட்டிப்பருவம் நீங்காத இளநாய். கலிபோர்னியாவிலே ஒரு குடும்பத்தில் வளர்ந்து முதுமையெய்தி, 2021 டிசெம்பரில் தன் வீட்டாரின் நடுவே உயிர்நீத்தது. கொல்லப்பட்டே தீரவேண்டும் எனப் பலர் கருதிய கூட்டத்திலே ஒன்று, நாய்க்கு இயற்கை வகுத்த ஆயுள் முழுவதையும் வாழ்ந்து முடித்தது.

இலங்கையிலே இவ்வரலாற்றுக்குப் பொருள் உண்டா எனில், உண்டு. விசர்நோயைத் தடுப்பதற்காக 1893ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவு செய்வதற்காக 1901ஆம் ஆண்டிலும் இந்நாட்டிற் கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. உரிமையாளரற்ற நாய் கொல்லப்படத்தக்கது என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. 2006ஆம் ஆண்டிலேதான் தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை நிறுத்த அரசு முடிவுசெய்து, தடுப்பூசியையும் கருத்தடையையும் வழியாகக் கொண்டது. சட்டம் செய்யக்கூடியது அவ்வளவே. படலையோரத்தில் நனைந்து கிடக்கும் நாயை உள்ளே அழைப்பது சட்டத்தால் ஆவதன்று.

அவ்வாறு அழைத்த நேயர்கள், அல்லது அழைக்க எண்ணும் நேயர்கள், வேர்ஜீனியா நாய்களின் வரலாற்றிலிருந்து சிலவற்றை மனத்திற் கொள்ளலாம். முதலாவதாக, நாயை மருத்துவரிடம் காட்டி, விசர்நோய்த் தடுப்பூசியை இடுவிக்க வேண்டும். அன்பு அதன் பின்னரே அச்சமின்றி வளரும். பெயர் ஓரிரு அசையினதாய் இருத்தல் நன்று. ஜிம்மி, ரைகர், வீமன், மணி என நம் ஊர்களில் வழங்கும் பெயர்கள் பலவும் குறுகியனவாய் இருப்பது தற்செயலன்று. தொலைவிலிருந்து கூப்பிடுவதற்கு அவை ஏற்றன. வீட்டிலுள்ளார் அனைவரும் ஒரே பெயரையே சொல்ல வேண்டும். பாட்டி ஒன்றும் பேரன் வேறொன்றுமாக அழைத்தால் நாய் எதற்குத் திரும்பும்? பெயரைச் சொல்லி உணவு கொடுக்கலாம். பெயரைச் சொல்லி அடிக்கலாகாது. கண்டிக்க வேண்டிய வேளையிற் பெயரை விடுத்து வேறொரு சொல்லைப் பயன்படுத்துவது அறிவுடைமை.

வந்த அன்றே அயலாரையும் உறவினரையும் கூட்டி நாயைக் காட்டுவது வேண்டாத செயல். ஒதுக்கமான மூலையொன்றிலே ஒரு பழஞ்சாக்கும், ஒரு சட்டியிலே தண்ணீரும் வைத்து, அது தானாக அணுகும்வரை விட்டுவிட வேண்டும். முதல் மூன்று நாள் அது திகைத்திருக்கும். மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கை அறியும். மூன்று மாதத்திலே இது தன் வீடெனக் கொள்ளும் என்று மீட்பு இல்லங்களிற் பொதுவாகக் கூறுவர். இது விதியன்று, சராசரியே. சிறுவர் இருக்கும் வீட்டிலே, உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடலாகாது என்று அவர்களுக்குக் கற்பிப்பது பெரியோர் கடமை. பிள்ளையையும் புதிய நாயையும் தனியே விடுவதும் தகாது.

இவையெல்லாம் செய்தும் நாய் ஒடுங்கியே கிடந்தால் மனஞ் சலித்தல் வேண்டாம். கனாப் சரணாலயத்திற் சில நாய்களுக்காக மனிதர் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். ஒரு மாலையில், வழக்கம்போற் பெயரைச் சொல்லி அழைத்தபோது, மூலையிற் கிடந்த நாய் எழுந்து நான்கு அடி முன்வந்து நின்றால், அது தன் பெயரை ஏற்றுக்கொண்டது என அறியலாம். அன்று வீட்டாரின் கையிலே ஒரு துண்டு உணவு ஆயத்தமாக இருக்கட்டும்.